லீவரை அடைத்த கை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘ஆகவே’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்காவது ஹெலிகாப்டர் விழுந்தால் அது ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. மாதக்கணக்கில் குடைந்துவிட்டு அவர் எழுதுகிற அறிக்கையின் கடைசிப் பத்தி எப்போதும் ‘ஆகவே’ என்றுதான் தொடங்கும். மேலிடத்தில் அந்த ஒரு பத்தியைத்தான் படிப்பார்கள். முன்னால் இருக்கிற இருநூறு பக்கத்தையும் ஒழுங்காகப் படித்த ஒரே ஜீவன் நான். தட்டச்சு செய்ததே நான்தானே, படிக்காமல் எங்கே போவது?

இருபத்தாறு வருடம் அங்கே முன்மேசையில் உட்கார்ந்தவள் நான். ஃபோன் எடுப்பேன், வருகிறவர்களை உட்கார வைப்பேன், சாட்சிகளின் பேச்சை ஒலிப்பதிவில் கேட்டுக் கேட்டு அடித்துக் கொடுப்பேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு. அவர் அதற்கு நேர்மாறு. காலையில் ஒரு “வணக்கம் மேடம்”, சாயங்காலம் ஒரு “வரேன் மேடம்”. நடுவில் மூன்றாவதாக ஏதாவது சொன்னால் அன்றைக்கு நான் குடையை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் அவர் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். போனவள் போனவள்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் துடைப்பதை விட்டுவிட்டு, எத்தனை மணிக்கு வைத்தாய், அப்போது எங்கே நின்றாய் என்று விசாரணை வைக்கிற மனுஷனோடு எவள் குடும்பம் நடத்துவாள்? இதை அவர் முகத்துக்கு நேராகவே ஒருமுறை கேட்டேன். “நீங்க சொல்றது சரிதான் மேடம்” என்றார். இப்படிப்பட்டவரிடம் சண்டை போடவும் வழியில்லை.

ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போனேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். தண்ணீர் கொடுக்க வேண்டுமே என்று அவர் தன் டம்ளரைக் கழுவிக் கழுவித் துடைத்தார். இரண்டாவதாக ஒரு ஆள் வரக்கூடும் என்று அந்த வீட்டில் யாருமே நினைத்ததில்லை.

ஆனால் வேலையில் அவரை அசைக்க முடியாது. அலுவலகத்துக்குப் பின்னால் பெரிய தகரக் கொட்டகை உண்டு. தரையில் சாக்பீஸால் ஹெலிகாப்டரின் உருவத்தை முழு அளவில் வரைந்து, கொண்டுவந்த உடைசல்களை அந்தந்த இடத்தில் வைத்துக்கொண்டே வருவார். எச்சரிக்கை விளக்கின் பல்பை எடுத்து, உள்ளே இருக்கிற மயிரிழைக் கம்பி மோதிய வேகத்தில் சூட்டோடு நீண்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, விழுந்த நொடியில் அந்த விளக்கு எரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். அடேயப்பா என்றிருக்கும் எனக்கு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால், குளிர்காலத்தில் ஒரு காலை நேரம், மின்கம்பிகளைப் பார்வையிடப் போன சிறிய ஹெலிகாப்டர் ஒன்று கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் இன்ஜின் நின்று ஆற்றோரத்தில் விழுந்தது. விமானியும், மின்கம்பித் தொழிலாளர்கள் இரண்டு பேரும் இறந்துபோனார்கள். பின்பக்கம் எரிந்து கரிக்கட்டையாகிவிட்டது. முன்பக்கம் தப்பியது. பேச்சைப் பதிவு செய்கிற பெட்டியெல்லாம் அந்தச் சின்ன வண்டியில் கிடையாது.

அந்த வகை ஹெலிகாப்டரில் விமானியின் இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு லீவர்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று இன்ஜினுக்குப் போகிற எரிபொருளை அடைப்பது. இன்னொன்று உள்ளே சூடான காற்றைத் திறந்துவிடுகிற ஹீட்டர். இரண்டும் ஒரே உயரம், ஒரே வடிவம், நிறம் மட்டும் வேறு. ‘ஆகவே’ போய்ப் பார்த்தபோது எரிபொருள் லீவர் அடைத்த நிலையில் இருந்தது. படம் எடுத்தார். இன்ஜினில் எரியாமல் மிஞ்சிய பாகங்களில் பழுது எதுவும் அகப்படவில்லை. ஐந்து மாதம் குடைந்தார். கடைசிப் பத்தியை நான்தான் அடித்தேன், இன்றைக்கும் மனப்பாடம்: ‘ஆகவே, குளிருக்காக ஹீட்டரைத் திறக்க முனைந்த விமானி, கவனக்குறைவால் எரிபொருள் லீவரை இழுத்து அடைத்ததே விபத்துக்குக் காரணம்.’

அதன் பிறகு அந்த வகை ஹெலிகாப்டர் எல்லாவற்றிலும் ஹீட்டர் லீவருக்கு உருண்டைப் பிடி, எரிபொருள் லீவருக்குச் சதுரப் பிடி என்று மாற்றினார்கள். எங்கள் இயக்குநர் மேடைக்கு மேடை அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். இறந்த தொழிலாளர்களின் வீட்டார் விமானியின் வீட்டு வாசலில் போய் நின்று கத்திவிட்டு வந்ததாகப் பேப்பரில் வந்தது. விமானியின் மனைவி, இறந்த புருஷனின் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ‘ஆகவே’ காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சரியான கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். போன வருடம் தீயணைப்புப் பயிற்சிப் பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். அவரைப் போய்ப் பேசக் கூப்பிட்டவர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அவர் பேசி முடித்ததும் மைதானத்தில் ஒரு பழைய ஹெலிகாப்டர் கூட்டை வைத்து ஒத்திகை காட்டினார்களாம். விசில் ஊதியதும் ஒரு பெண் ஓடிப்போய்க் கதவைப் பிய்த்து, உள்ளே கையை விட்டு, “எரிபொருள் அடைச்சாச்சு!” என்று கத்தியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் உள்ளே இருந்த பொம்மையைத் தூக்கினார்கள். எப்போதிலிருந்து இப்படி என்று இவர் கேட்டிருக்கிறார். “எப்பவுமே இப்படித்தான் சார். எங்களுக்கு முதல் வேலையே அதுதான்” என்றாராம் பயிற்சி கொடுப்பவர்.

அன்றைக்கு மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. “என்ன சார், பேச்சு சொதப்பிடுச்சா?” என்றேன். நேராக ஆவண அறைக்குப் போய் அந்தப் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தார்.

அதோடு இன்னும் இரண்டு ஃபைல்களையும் எடுத்தார். அதே வகை ஹெலிகாப்டரில் இரண்டு முறை வானத்திலேயே இன்ஜின் நின்றிருந்தது. ஒன்று ஏழு வருடம் முன்பு, மணலில் இறங்கியது. இன்னொன்று கடைசிக் குளிர்காலத்தில், உழுத நிலத்தில் இறங்கியது. இரண்டு விமானிகளும் பிழைத்துக்கொண்டார்கள். எந்த லீவரிலும் கையே வைக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். தரையில் வைத்து முடுக்கிப் பார்த்தால் இன்ஜின் சமர்த்தாக ஓடியது. ‘காரணம் கண்டறியப்படவில்லை’ என்று மூடிவைத்திருந்தோம். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்றும் குளிர்காலம், மூன்றும் காலை நேரம், மூன்றும் கிளம்பிய கால் மணி நேரத்துக்குள்.

மறுநாள் நான் டீ போடப் பால் எடுக்கலாம் என்று அலுவலக ஃப்ரிட்ஜைத் திறந்தால், மேலே ஐஸ் பெட்டியில் எண்ணெய் வழிகிற ஒரு இரும்புச் சாமான் உட்கார்ந்திருக்கிறது.

“இது என்ன கண்ராவி?” என்று போட்ட கூச்சல் கொட்டகை வரை கேட்டது.

“எரிபொருள் பம்ப் மேடம். போன குளிர்காலத்து வண்டியோடது. ஒரு நாள் மட்டும் இருக்கட்டும்.”

“நாங்க குடிக்கிற பால் இருக்கிற இடம் சார் இது!”

“மன்னிச்சுக்கோங்க மேடம். வேற குளிர்ப் பெட்டி கேட்டா ரெண்டு மாசம் ஆகும்.”

அடுத்த நாள் அதை அப்படியே துணியில் சுற்றிப் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினார். பம்புக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம். குளிரில் அது விறைத்துப்போய், விரற்கடை இடைவெளிகூட வேண்டாம், மயிரிழை இடைவெளி விட்டது. அதன் வழியாகக் காற்று உள்ளே போய் எரிபொருள் வராமல் நின்றது. கொஞ்சம் சூடானதும் வளையம் பழையபடி இளகி ஒட்டிக்கொண்டது. அதனால்தான் தரையில் யாருக்கும் அகப்படவில்லை. ஆற்றோரத்தில் விழுந்த வண்டியில் அந்த வளையம் எரிந்தே போயிருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்வி: அந்த லீவரை அடைத்தது யார்? அன்றைக்கு முதலில் போய்ச் சேர்ந்த தீயணைப்பு வீரர் ஓய்வுபெற்று, சாவி வெட்டிக் கொடுக்கிற சின்னக் கடை வைத்திருந்தார். ‘ஆகவே’ அங்கே போய்ப் பேசியதைப் பதிவு செய்துகொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். காதில் மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தேன்.

“நான்தான் சார் அடைச்சேன். வேற யாரு அடைப்பா? பின்னாடி தீ எரியுது. எண்ணெயை நிறுத்தலன்னா நாங்களும் சேர்ந்து போயிருப்போம்ல?”

“அப்ப இதை ஏன் நீங்க சொல்லல?”

“என்கிட்ட யாரு கேட்டா? எத்தனை மணிக்குப் போனீங்க, எத்தனை பேரைத் தூக்குனீங்க, உயிர் இருந்துச்சான்னு கேட்டீங்க. எல்லாம் சொன்னேன். எதைத் தொட்டீங்கன்னு கேக்கவே இல்லையே. அன்னிக்கு வந்து கேட்டதே நீங்கதானே சார்?”

அதற்குப் பிறகு ஒன்றரை நிமிடம் பதிவில் சாவி அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் சாட்சிகளிடம் நீட்டுகிற படிவத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. காப்பாற்றப் போனவன் கை வைத்ததை, செத்தவன் கை வைத்ததாக எழுதியிருக்கிறோம்.

இயக்குநரின் அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். கேட்கக் கூடாது என்றாலும் காதில் விழத்தான் செய்யும்.

“வளையத்தை எல்லா வண்டியிலும் மாத்தச் சொல்லி எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்” என்றார் இயக்குநர். “அதுக்கு இந்த ரெண்டு கேஸ் போதும். பழைய ஃபைலை எதுக்குத் தோண்டுறீங்க?”

“அந்த பைலட் லீவரை அடைக்கல சார்.”

“அவர் செத்துப் பதினாலு வருஷம் ஆச்சு.”

“ஆமா சார்.”

“யோசிச்சுப் பாருங்க. உங்க ஒரு ரிப்போர்ட் தப்புன்னு நீங்களே எழுதினா, மீதி நாப்பதையும் தப்புன்னு வக்கீலைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. அப்புறம் உங்களை எந்த விபத்துக்கும் அனுப்ப முடியாது. புரியுதா?”

“புரியுது சார்.”

எனக்கும் புரிந்தது. அந்த மனுஷனுக்கு வேலையைத் தவிர என்ன இருக்கிறது? வீட்டில் அந்த ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான். அன்றைக்கு டீயை அவர் மேசையில் வைத்துவிட்டு, நானும்தான் சொன்னேன்: “விட்டுத் தொலைங்க சார். வளையத்தை மாத்தப் போறாங்க, இனிமே யாரும் விழப் போறதில்ல. அந்தப் பொண்ணு எங்கேயோ பொழச்சுக்கிட்டிருக்கும். ஆறின புண்ணைப் போய்க் கிளறாதீங்க.”

டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஆறிடுச்சான்னு நாம யாரும் போய்ப் பாக்கலையே மேடம்” என்றார்.

திருத்திய அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். விமானி தவறு செய்யவில்லை என்பதோடு, விசாரித்த அதிகாரி தவறு செய்தார் என்றும் ஒரு வரி. “இந்த வரி வேணுமா சார்?” என்றேன். “வேணும்” என்றார். கையெழுத்துப் போட்டார். சாட்சிப் படிவத்தில் ‘எதையெல்லாம் தொட்டீர்கள்?’ என்ற புதுக் கேள்வியும் அவர் எழுதிக் கொடுத்து வந்ததுதான்.

சொன்னபடியே நடந்தது. அவரைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. ஆவண அறையின் கோடியில், ஜன்னல் இல்லாத இடத்தில் ஒரு மேசை போட்டார்கள். அவருடைய பழைய அறிக்கைகளை எல்லாம், அவரிடம் வேலை கற்றவர்களே பிரித்து வைத்துக்கொண்டு பிழை தேடினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் டப்பாவைத் திறந்தால் மற்றவர்களுக்கு எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும். ‘ஆகவே’ இப்போது ‘ஆனால்’ ஆகிவிட்டார் என்று ஒருத்தன் நக்கலடித்தான். அவனை நான் கேட்ட கேள்வியில் இரண்டு நாள் என் மேசைப் பக்கமே வரவில்லை. வாய் இருந்து என்ன? விட்டுத் தொலைங்க என்று சொன்ன வாயும் இதுதானே. எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

திருத்திய அறிக்கையை விமானியின் குடும்பத்துக்குத் தபாலில் அனுப்பினால் போதும் என்பது விதி. ஒரு சனிக்கிழமை அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மென்று முழுங்கினார். “மேடம், நேர்ல போய்க் குடுக்கலாம்னு இருக்கேன். நீங்களும் கூட வர முடியுமா? எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு.” இருபத்தாறு வருடத்தில் அவர் ஒருவரிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவில் சங்கிலியை எடுக்காமல் எட்டிப் பார்த்தவள் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். “நீங்களா?” என்றாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாளாம், அந்தச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு வயதுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. உள்ளே ஒரு மேசை, சாப்பிட ஒரே ஒரு நாற்காலி, மடித்த துணிகள் குவிந்த சோபா. சுவரில் அவள் புருஷனின் படம் இல்லை.

அவர் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நின்றுகொண்டே சொன்னார். “உங்க வீட்டுக்காரர் லீவரை அடைக்கலம்மா. காப்பாத்தப் போனவங்க அடைச்சது. பம்புல ஒரு வளையம் கெட்டுத்தான் இன்ஜின் நின்னுச்சு. நான் தப்பா எழுதிட்டேன்.”

அவள் அவர் நீட்டிய அறிக்கை உறையை வாங்கிப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று முழுவதும் படித்தாள். திட்டுவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அப்ப இந்த ஹீட்டர்?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா.”

“அவரு அதைப் போடப் போகலையா?”

“போட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாததை இனிமே சொல்ல மாட்டேன். போட்டிருந்தாலும் அதனால விழல.”

“அதை எழுதிக் குடுங்க.”

“நாலாவது பத்தியில இருக்கும்மா.”

“இல்ல. உங்க கையால எழுதிக் குடுங்க” என்றாள். சொல்லும்போது உதடு கோணிக்கொண்டது. “அன்னிக்குக் காலையில ரொம்பக் குளிரு சார். வாசல் வரைக்கும் போனவரைத் திருப்பிக் கூப்பிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கோங்க, மறந்துடாதீங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். நீங்க எழுதினதைப் படிச்ச அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யார்கிட்டயும் சொல்லல. எங்க அம்மாகிட்டகூடச் சொல்லல. அந்த ரெண்டு வீட்டுக்காரங்க வாசல்ல நின்னு அவரைத் திட்டினப்ப, திட்ட வேண்டியது அவரையில்ல, என்னைத்தான்னு உள்ள உக்காந்திருந்தேன்.”

ஐயோ என்று என் வாயிலிருந்து வந்தது. அவர் அந்த ஒற்றை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நாற்பத்தொரு அறிக்கை எழுதியவர், அந்த ஒரு வரியை நிறுத்தி நிறுத்தி எழுதினார். எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு நீட்டினார்.

அவள் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். “எனக்கு எழுத்தே தெரியல. நீங்க படிங்கக்கா” என்றாள்.

படித்தேன். “அன்று காலை நீங்கள் சொன்ன எதனாலும் அந்த ஹெலிகாப்டர் விழவில்லை.”

“இன்னொரு தடவை” என்றாள்.

படித்தேன். மூன்றாவது தடவை நான் படிக்கும்போது அவளும் என்னோடு சேர்ந்து சத்தமாகச் சொன்னாள்.